ஃபீஸ் பாக்கியைக் காட்டும் சாஃப்ட்வேர், தலையில் வாங்கிய அடியைக் காட்டுமா? பாக்ஸிங் ஜிம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை

மாலை ஆறரை மணி. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பாக்ஸிங் ஜிம் வாசலில் இருக்கும் டேப்லெட்டில் தன் எண்ணைத் தட்டுகிறான். திரையில் பச்சை டிக் வருகிறது. இந்த மாத ஃபீஸ் கட்டியாச்சு, உள்ளே போகலாம் என்று அர்த்தம். நான்கு நாளைக்கு முன்னால் வெளியூர்ப் போட்டியில் தலையில் அடி வாங்கி, ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திய விஷயம் அந்தத் திரைக்குத் தெரியாது. பையனும் சொல்ல மாட்டான். சொன்னால் மாஸ்டர் ரிங்கில் ஏற்ற மாட்டாரே!

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், ‘ஜிம் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்’ என்ற பெயரில் விற்கப்படும் பெரும்பாலான செயலிகளின் குறை இந்த ஒரு பச்சை டிக்கில் அடங்கிவிடுகிறது. அவை எடை தூக்கும் ஜிம்முக்கும் யோகா ஸ்டுடியோவுக்கும் செய்யப்பட்டவை. அங்கே ஒருவர் உள்ளே வரலாமா வேண்டாமா என்பதை ஃபீஸ் தீர்மானிக்கலாம். பாக்ஸிங் கூடத்தில் அதைத் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று.

சின்ன ஊர்களிலும் இப்போது இந்தச் சாஃப்ட்வேர்களை விற்க ஆட்கள் வருகிறார்கள். டெமோ பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, வாங்கவே வேண்டுமா?

ஆலத்தியூரில் ஒரு கூடம் தொடங்கினால்...

உதாரணத்துக்கு அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரை எடுத்துக்கொள்ளலாம். ராம்கோ சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். அரியலூர், பெரம்பலூர் பக்கம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே சிமென்ட் ஆலைகள், லாரிகள், ஷிஃப்ட் வேலை. இங்கே ஒரு முன்னாள் வீரர் ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு ரிங், ஆறு பேக், பத்து ஜோடி கிளவுஸோடு பாக்ஸிங் கூடம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 70 பேர் சேருகிறார்கள். மாத ஃபீஸ் 800 ரூபாய். அத்தனை பேரும் ஒழுங்காகக் கட்டினால் மாதம் 56,000 ரூபாய். வாடகை, கரண்ட் பில், கிளவுஸ் தேய்மானம் எல்லாம் இதற்குள்தான்.

அவருக்கு வரும் முதல் சிக்கல் நேரம். பெரிய ஊர் ஜிம் சாஃப்ட்வேர்கள் எல்லாம் ‘திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி பேட்ச்’ என்ற கணக்கில் ஓடுபவை. ஆலைத் தொழிலாளிக்கு இந்த வாரம் பகல் ஷிஃப்ட் என்றால் அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். திங்கள்கிழமை காலையில் வந்தவர் அடுத்த திங்கள்கிழமை மாலையில்தான் வர முடியும். செயலியில் அவருக்கு ‘ஆப்சென்ட்’ விழுந்துகொண்டே இருக்கும். மாதக் கடைசியில் ‘உங்கள் வருகை குறைவு’ என்று தானாகவே ஒரு மெசேஜும் போகும். ராத்திரி முழுக்க ஆலையில் நின்றுவிட்டு வந்தவருக்கு அந்த மெசேஜ் எப்படி இருக்கும்!

ஆகவே, இப்படிப்பட்ட ஊரில் முதல் கேள்வி இதுதான்: பேட்ச் கணக்கு இல்லாமல், ‘மாதம் 12 முறை, எந்த நேரத்திலும்’ என்று திட்டம் போட முடியுமா? முடியும் என்றால் டெமோவிலேயே ஒருவரைச் சேர்த்து, இரண்டு வாரம் இரண்டு வேறு நேரங்களில் வருகை போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ‘அதெல்லாம் பண்ணிக்கலாம் சார்’ என்ற பதில் செல்லாது.

அடுத்தது பெயர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சின்ன விஷயமல்ல. வெளிநாட்டுச் செயலிகளிலும் அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட உள்நாட்டுச் செயலிகளிலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நம் ஊரில் ஏது கடைசிப் பெயர்? அங்கே இனிஷியலைப் போடுவோம். சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள். சிலர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் கழித்துப் பட்டியலைத் திறந்தால் மூன்று கார்த்திக் இருப்பார்கள். எந்தக் கார்த்திக் ஃபீஸ் கட்டினார் என்பதில் குழப்பம் வந்தால் ஒரு சிரிப்போடு சரிசெய்துவிடலாம். எந்தக் கார்த்திக்குக்குத் தலையில் அடிபட்டது என்பதில் குழப்பம் வந்தால்?

கைரேகை மெஷின் பற்றியும் ஒரு வார்த்தை. சாஃப்ட்வேரோடு சேர்த்து அதையும் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள். பாக்ஸிங் பழகுகிறவர் கையில் துணிப்பட்டை சுற்றியிருக்கும், அவிழ்த்தால் வியர்வை. மெஷின் முன் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு பழைய டேப்லெட்டும் நான்கு இலக்க எண்ணும் போதும். குழந்தைகளின் விரல்ரேகையை ஒரு ஜிம் ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

விலைப்பட்டியலில் எழுதாத விலை

உலக அளவில் இந்தத் துறையில் பெரிய பெயர் மைண்ட்பாடி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தது. யோகா, பிலாட்டீஸ் ஸ்டுடியோக்கள், ஸ்பாக்கள் என்று வளர்ந்த நிறுவனம். இன்னொன்று அயர்லாந்தின் டப்ளினில் தொடங்கிய கிளோஃபாக்ஸ். நல்ல செயலிகள்தான், சந்தேகமில்லை. ஆனால், இவை வேறு பொருளாதாரத்துக்குச் செய்யப்பட்டவை. இப்படிப்பட்ட செயலி ஒன்று மாதம் 100 டாலர் கேட்கிறது என்று வைப்போம். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 8,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 10,030 ரூபாய். ஆலத்தியூர் கணக்கில் அது மொத்த வருமானத்தில் கிட்டத்தட்ட 18 சதவீதம். மாஸ்டருக்கு உதவியாக ஒரு ஆளையே வைத்துக்கொள்ளலாம்!

உள்நாட்டுச் செயலி ஒன்று வருடத்துக்கு 12,000 ரூபாய் என்று சொன்னால் ஜிஎஸ்டியோடு 14,160. மாதத்துக்கு 1,180. இது வருமானத்தில் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். தாங்கக்கூடிய செலவு. ஒப்பிட வேண்டியது இந்த விகிதத்தைத்தான். ‘எங்ககிட்ட 150 ஃபீச்சர் இருக்கு’ என்ற பேச்சை அல்ல.

இதில் ஜிஎஸ்டி பற்றி ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால், அந்த 5 சதவீதத்தோடு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதாவது, சாஃப்ட்வேருக்குக் கொடுக்கும் 18 சதவீத வரியை ‘அப்புறம் கழிச்சுக்கலாம்’ என்று நினைக்க முடியாது. அது செலவுதான். சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஆலத்தியூர் உதாரணத்தில் ஆண்டுக்கு 6 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய்தான். இப்படிப்பட்ட ஒருவரிடம் ‘ஜிஎஸ்டி இன்வாய்ஸ் வசதி’ என்று அதிக விலைத் திட்டத்தை விற்பது, சைக்கிள்காரரிடம் கார் இன்ஷூரன்ஸ் விற்கிற மாதிரி.

ஃபீஸ் வசூல்தான் சாஃப்ட்வேர் வாங்க எல்லோரும் சொல்லும் முதல் காரணம். அதற்கு யுபிஐ ஆட்டோபே இருக்கிறது, 2020-லிருந்தே இருக்கிறது. 15,000 ரூபாய் வரையிலான தவணைக்கு ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போடத் தேவையில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். நகரத்தில் ஐ.டி. வேலை பார்ப்பவருக்கு இது வசதி. ஆனால், சின்ன ஊரில் பையனின் ஃபீஸைக் கட்டுவது அப்பாவின் போன். அவர் ஷிஃப்டில் இருப்பார். சம்பளம் வரும் தேதி வேறாக இருக்கும். கணக்கில் பணம் இல்லாத நாளில் ஆட்டோபே போய் முட்டித் திரும்பும். சில வங்கிகள் அப்படித் திரும்பும் தவணைக்கு அபராதமும் போடும். 800 ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஒரு குடும்பத்துக்கு அபராதம் வாங்கிக் கொடுத்த கோச் என்ற பெயர் தேவையா?

கவுன்டரில் ஒட்டிய யுபிஐ க்யூஆர் கோடு போதும். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்குக் கமிஷனும் கிடையாது. அதே பணம் சாஃப்ட்வேர் கம்பெனியின் பேமெண்ட் கேட்வே வழியாக வந்தால் பெரும்பாலும் 2 சதவீத அளவில் கழித்துக்கொண்டு, ஓரிரு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். சாஃப்ட்வேர் ‘இலவசம்’ என்று சொல்கிறவர்கள் பலர் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான். கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: க்யூஆரிலும் ரொக்கமாகவும் வாங்கிய பணத்தைச் செயலியில் கையால் பதிய முடியுமா? முடியாது, எல்லாம் எங்கள் கேட்வே வழியாகத்தான் என்றால், அந்த டெமோவை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் விஷயம்

‘ஃபீஸ் பாக்கி இருந்தால் தானாகவே வாட்ஸ்அப் போகும்’ என்பது இந்தியாவில் ஜிம் சாஃப்ட்வேர் விற்பவர்களின் பெரிய ஆயுதம். எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. இதற்கு அதிகாரபூர்வமான வழி, வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ. அதில் மெட்டா நிறுவனம் மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வைக்கிறது. மெசேஜின் வாசகத்தை முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இன்னொரு வழி, கோச்சின் சொந்த நம்பரை வாட்ஸ்அப் வெப்பில் இணைத்துவிட்டு ஒரு புரோகிராம் மூலம் எல்லோருக்கும் தட்டிவிடுவது. இதற்குக் காசு கிடையாது. ஆனால் வாட்ஸ்அப் விதிகளுக்கு விரோதம். நம்பரை முடக்கிவிடுவார்கள்.

பத்து வருடமாகப் பெற்றோர்களும் பழைய மாணவர்களும் சங்கத்துக்காரர்களும் கூப்பிடும் அதே நம்பர். அது ஒரு நாள் காலையில் முடங்கினால் எந்த சாஃப்ட்வேர் கம்பெனியும் மீட்டுத் தராது. ‘அன்லிமிடெட் வாட்ஸ்அப் இலவசம்’ என்று எவராவது சொன்னால், எந்த வழி என்று எழுத்தில் கேட்க வேண்டும். எழுபது பேர் என்றால் சாதாரண வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே போதும்; அதன் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, அவர்கள் போனில் ஜிம் நம்பர் சேவ் ஆகியிருக்க வேண்டும். சேரும் நாளிலேயே ‘தம்பி, நம்பரை சேவ் பண்ணு’ என்றால் முடிந்தது.

யாருடைய டேட்டா, யார் பொறுப்பு?

2018 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. ஃபிட்மெட்ரிக்ஸ் என்ற அமெரிக்க ஃபிட்னஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சர்வர்கள் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. பெயர், மின்னஞ்சல், போன் நம்பர், புகைப்படம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரின் விவரம் என்று கோடிக்கணக்கான பதிவுகள். பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் மூடினார்கள். அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஃபிட்மெட்ரிக்ஸை மைண்ட்பாடி வாங்கியிருந்தது. மைண்ட்பாடியை 2019-ல் விஸ்டா என்ற முதலீட்டு நிறுவனம் 190 கோடி டாலருக்கு வாங்கியது. கிளோஃபாக்ஸும் 2022-ல் கைமாறியது. ஆக, இன்று கையெழுத்துப் போடும் கம்பெனி நாளைக்கும் அதே கம்பெனியாக இருக்கும் என்பது நிச்சயமில்லை. அவர்கள் கைமாறும்போது ஆலத்தியூர் பையனின் எடையும் அவன் அம்மாவின் போன் நம்பரும் சேர்ந்தே கைமாறும்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஜிம்கள் கடைப்பிடிக்க வேண்டிய முக்கியக் கடமைகள், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வருகின்றன. பாக்ஸிங் கூடம் நடத்துபவருக்கு இதில் இரண்டு இடங்கள் முக்கியம்.

ஒன்று, 18 வயது நிறையாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்களின் விவரத்தைச் சேகரிக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. பாக்ஸிங் பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்தான். ‘ஐ அக்ரி’ பட்டனைப் பையனே தட்டிவிட்டு உள்ளே வருகிற செயலி, இந்தச் சட்டம் முழுமையாக அமலுக்கு வரும் நாளில் கோச்சைச் சிக்கலில் மாட்டும்.

இரண்டு, பொறுப்பு. சாஃப்ட்வேர் கம்பெனியின் சர்வரிலிருந்து விவரம் கசிந்தாலும், அதைச் சேகரித்த ஜிம்தான் சட்டத்தின் முன் முதல் பொறுப்பாளி. கம்பெனி வெறும் செயலாக்குபவர். பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஆலத்தியூர் ஷெட்டுக்கு யாரும் 250 கோடி போடப்போவதில்லைதான். ஆனாலும், ‘அது கம்பெனிக்காரன் பாடு’ என்று கைகழுவ முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு பெரிய தொழில்நுட்பம் இல்லை. குறைவாகச் சேகரிப்பது. ஆதார் நகல் எதற்கு? வயதைச் சரிபார்க்கத்தான் என்றால், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கைரேகை வேண்டாம் என்று முன்னால் சொன்னதும் இதனால்தான். பாஸ்வேர்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா?

அடி கணக்கு

இனிதான் விஷயத்துக்கே வருகிறோம்.

அமெச்சூர் பாக்ஸிங்கில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீரர் ஒவ்வொருவரும் ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருப்பார். யாரோடு மோதினார், முடிவு என்ன, டாக்டர் என்ன சொன்னார், எத்தனை நாள் ஓய்வு என்று அதில் எழுதுவார்கள். சர்வதேச அமெச்சூர் விதிகளில் நீண்ட காலமாக இருந்த கணக்கு இது: தலையில் விழுந்த அடியால் நாக்அவுட் ஆனாலோ, ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினாலோ, குறைந்தது 30 நாள் போட்டியும் கிடையாது, ஸ்பாரிங்கும் கிடையாது. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை அப்படி நடந்தால் மூன்று மாதம். ஒரு வருடத்துக்குள் மூன்று முறை என்றால் ஒரு வருடம்.

இந்தக் கணக்கை யாராவது வைத்திருந்தால்தான் இது விதி. இல்லையென்றால் வெறும் காகிதம். முதல் அடி பெரம்பலூரில் விழுந்திருக்கும், இரண்டாவது திருச்சியில். இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள், சொந்த ஊரில் இருக்கும் மாஸ்டர்தான்.

ஹெட்கார்ட் போட்டிருக்கிறானே என்று பெற்றோர் கேட்பார்கள். ஹெட்கார்ட் தோல் கிழியாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013-ல் ஆண்கள் சீனியர் போட்டிகளில் ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள். சரியா தவறா என்ற சண்டை இன்னும் நடக்கிறது. தலையில் அதிர்ச்சி ஏற்பட்டால் என்ன செய்வது என்பதில் மட்டும் விளையாட்டு மருத்துவர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மாநாட்டின் அறிக்கை சொல்வது: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு லேசான நடை, ஓட்டம் என்று படிப்படியாக, அறிகுறிகள் முழுக்க அடங்கி, மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகே அடிபடக்கூடிய பயிற்சி.

இதை ஜிம் சாஃப்ட்வேரில் எங்கே எழுதுவது? பெரும்பாலான செயலிகளில் ‘நோட்ஸ்’ என்ற ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதலாம். ஆனால், அது உறுப்பினரின் பக்கத்துக்குள் மூன்றாவது தட்டலில் மறைந்திருக்கும். வாசலில் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு உள்ளே விடுகிற உதவியாளர் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. ஃபீஸ் கட்டாதவருக்குச் சிவப்பு விளக்கு எரியவைக்கத் தெரிந்த செயலிக்கு, 30 நாள் ஓய்வில் இருப்பவருக்குச் சிவப்பு விளக்கு எரியவைக்கத் தெரியவில்லை. தொழில்நுட்பத்தில் அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால், குறுக்கு வழி ஒன்று உண்டு. பல செயலிகளில் மெம்பர்ஷிப்பை ‘ஃப்ரீஸ்’ செய்யும் வசதி இருக்கிறது. வெளியூர் போகிறவர்களுக்காக வைத்தது. தலையில் அடிபட்ட பையனின் கணக்கை 30 நாளைக்கு ஃப்ரீஸ் செய்துவிட்டால் வாசலில் சிவப்பு வந்துவிடும். அந்த மாத ஃபீஸும் அடுத்த மாதத்துக்கு நகர்ந்துவிடும். இந்த இரண்டாவது பலன் முக்கியமானது. 800 ரூபாய் கட்டிவிட்டு 30 நாள் சும்மா உட்கார் என்றால் எந்த வீட்டிலும் மனசு கேட்காது. அடிபட்டதை மறைக்கச் சொல்வார்கள். ஃபீஸ் போகாது என்று தெரிந்தால் உண்மையைச் சொல்வார்கள். டெமோவில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுதான் முதல் இடத்தில் இருக்க வேண்டும்: ‘ஃப்ரீஸ் செய்தவர் வாசலில் எண்ணைத் தட்டினால் திரையில் என்ன வரும்?’

எடை விஷயத்திலும் இதே கதைதான். பாக்ஸிங் எடைப் பிரிவுகளில் நடக்கிற விளையாட்டு. வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதினால், யாரை யாரோடு ஸ்பாரிங்குக்கு விடலாம் என்பது தெரியும். அதைவிட, போட்டிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு பிள்ளையின் எடை திடீரென்று மூன்று கிலோ இறங்கினால், தண்ணீர் குடிக்காமல் கிடக்கிறான் என்பதும் தெரியும். ஃபிட்னஸ் செயலிகள் எடை இறங்கினால் பட்டாசு வெடித்துக் காட்டும். ‘சபாஷ், இலக்கை நெருங்கிவிட்டீர்கள்’ என்று பதினாறு வயதுப் பையனுக்கு மெசேஜ் போகும். இந்த அறிவிப்பை நிறுத்த முடியாத செயலியைப் பாக்ஸிங் கூடத்தில் வைக்கவே கூடாது.

அப்போ எதைத்தான் வாங்குவது?

வடசென்னையில் பாக்ஸிங்குக்குப் பல தலைமுறை வரலாறு உண்டு. ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021-ல் வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் அது தெரிந்தது. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அந்தக் காலத்து வாத்தியார்களுக்கு சாஃப்ட்வேர் இல்லை. மாணவர்கள் விவரம் எல்லாம் தலைக்குள் இருந்தது. பாராட்டத்தான் தோன்றும். ஆனால், அந்தத் தலைக்குள் இருந்த கணக்கு அவரோடு போய்விடும். அவருக்கு உடம்பு சரியில்லாத ஒரு வாரத்தில் உதவியாளர் யாரையாவது ரிங்கில் ஏற்றினால், கேட்க வழியில்லை. பதிவு தேவைதான். அதற்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நூறு பேருக்குக் கீழே இருந்தால் வேண்டாம். கூகுள் ஷீட் ஒன்று, க்யூஆர் கோடு ஒன்று, வாட்ஸ்அப் பிசினஸ் ஒன்று. ஷீட்டில் பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியலோடு. பக்கத்தில் பிறந்த தேதி, பெற்றோர் போன், ஃபீஸ், எடை. அதற்கடுத்த கட்டத்துக்கு ‘ரிங்கில் ஏறலாமா’ என்று தலைப்பு. அதில் தேதி ஒன்று மட்டும் வரும். அந்தத் தேதி வரை கட்டம் சிவப்பாக இருக்கும். இதை எக்ஸெல் தெரிந்த கல்லூரி மாணவர் யாரும் அரை மணி நேரத்தில் செய்துகொடுப்பார். ஷீட்டை யார் யார் திறக்கலாம் என்பதை இரண்டு பேருக்கு மேல் வைக்கக் கூடாது. லிங்க்கை குரூப்பில் போட்டுவிடக் கூடாது.

நூறைத் தாண்டி, இரண்டாவது கோச் வந்து, பேட்ச் மூன்றாகிவிட்டால் ஷீட் திணறும். அப்போது உள்நாட்டுச் செயலி ஒன்றை மாதக் கட்டணத்தில் எடுத்துப் பார்க்கலாம். மாதக் கட்டணத்தில் மட்டும். ‘லைஃப்டைம் 9,999’ என்பது யாருடைய லைஃப்டைம் என்று விளம்பரத்தில் போடுவதில்லை. பெரும்பாலும் அது கம்பெனியின் லைஃப்டைம். சிலசமயம் இரண்டு வருடம். முதல் மாதமே எல்லா விவரத்தையும் சிஎஸ்வி ஃபைலாக வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். எடுத்த ஃபைலில் ஃபீஸ் மட்டும் வந்து, வருகையும் குறிப்புகளும் வரவில்லை என்றால், வெளியே போகும் கதவு பூட்டியிருக்கிறது என்று பொருள்.

எதிர்வாதமும் இருக்கிறது. ‘கோச்சுக்குச் சொல்லிக்கொடுக்கவே நேரமில்லை, இதில் ஷீட்டை யார் நிரப்புவது? ஃபீஸைச் சரியாக வசூலித்தால்தானே கூடமே நடக்கும்?’ நியாயமான கேள்வி. சின்ன ஊரில் பாக்ஸிங் கூடங்கள் மூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பணம்தான். ஃபீஸ் கேட்கக் கூச்சப்படும் கோச்சுக்கு, தானாகப் போகும் ஒரு மெசேஜ் பெரிய உதவி. அதற்காகச் சாஃப்ட்வேர் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால், அதை வாங்கியதோடு பதிவு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் ஆபத்து. வருகை, ஃபீஸ், மெசேஜ் எல்லாம் தானாக ஓடும்போது, தானாக ஓடாத அந்த ஒரு கட்டம் காலியாகவே கிடக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள், மற்றதெல்லாம் நிரம்பியிருப்பதால்.

கரண்ட் போனாலும் நெட் போனாலும் ஓடுகிற ஒன்று இருக்கிறது: நாற்பது ரூபாய் நீளநோட்டு. ரிங்குக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டித் தொங்கவிடலாம். தேதி, யார் யாரோடு ஸ்பாரிங், எத்தனை ரவுண்டு, யாருக்காவது தலை சுற்றியதா, வாந்தி வந்ததா. ஸ்பாரிங் முடித்துக் கிளவுஸைக் கழற்றும் முன் இரண்டு பேரிடமும் கேட்டு எழுத ஒரு நிமிடம் ஆகும். சாஃப்ட்வேர் விற்க வருகிறவர் டெமோவைத் தொடங்கும் முன், அந்த நோட்டை அவர் கையில் கொடுத்து, ‘இதை உங்க ஆப்ல எங்கே எழுதுறது, காட்டுங்க’ என்று கேட்டுப் பார்க்கலாம்.